அம்மா இறந்த சாட்சி

மைக்கின் தலையில் மாட்டியிருந்த கறுப்புப் பஞ்சுறையில் எப்போதும் யாருடைய எச்சிலோ நாறும். மூக்கைச் சுளிக்காமல், உதடு அதில் படுகிற அளவுக்கு நெருங்கி நின்று, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம், என் பெயர் கிரேஸ்" என்று தொடங்கி, கடலில் நான் பெற்றோரைப் பறிகொடுத்த கதையையும் ஆண்டவர் என்னைப் பல்லடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த கதையையும் சொல்லி முடிக்க வேண்டும். எங்கள் விடுதியில் இதற்குச் "சாட்சி" என்று பெயர். ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு ஜெபவீட்டில் நான் சாட்சி சொன்னேன். அதில் உண்மையென்று பார்த்தால் கடல் ஒன்றுதான்.

என் பெயர் கிரேஸ் இல்லை, ஆரோக்கியமேரி. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம் எங்களுடையது. சுனாமி வந்தபோது எனக்கு ஆறு வயது. அப்பா போய்விட்டார், அம்மாவும் நானும் பிழைத்தோம். தகரக் கொட்டகையில் கிடந்த எங்களிடம் வேனில் வந்திறங்கிய ஒரு பாஸ்டர், "புள்ளைய இங்கிலீஷ் மீடியத்துல படிக்க வெக்கறமுங்க, லீவுக்கு லீவு அனுப்பிப்போடறமுங்க" என்று தேனாகப் பேச, அம்மா ஏதோ ஒரு தாளில் கைநாட்டு வைத்தாள். அனாதைகளைத் தேடி அத்தனை தூரம் வந்தவர், போதுமான அனாதைகள் கிடைக்காத குறைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது.

ஊழியத்துக்கு வருவதற்கு முன் பாஸ்டர் கோழித்தீவனம் விற்றவர். நொடித்துப்போன ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகைக்கு வெள்ளையடித்து, கம்பிவலைமேல் தார்ப்பாய் கட்டி, வாசலில் ஒரு சிலுவையை நட்டதும் அது "இல்லம்" ஆகிவிட்டது. மழை பெய்தால் தரையிலிருந்து பழைய கோழி நாற்றம் கிளம்பும், நாங்கள் மூக்கைப் பொத்துவோம். "ஏசப்பா பொறந்ததும் தொழுவத்துலதான கண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறி ஏசி போட்டுக்கொள்வார்.

எங்கள் குடிசையில் மாதா படம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை பார்க்காமல் அம்மா உலை வைத்ததில்லை. ஆனால் ஏற்கெனவே கிறிஸ்தவளாக இருக்கிற பிள்ளையை இரட்சித்தால் யார் மெச்சுவார்கள்? ஆகவே பாஸ்டர் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் என்னை ஒருமுறை முக்கியெடுத்துக் கிரேஸ் ஆக்கினார். சாட்சியில் நாங்கள் "விக்கிரகங்களைக் கும்பிட்டு இருளில் கிடந்தோம்". அம்மாவைக் கொன்றதும் இதே சுலபத்தில்தான். "ஒரு ஆளு போச்சுன்னா வெளிநாட்டுக்காரங்களுக்கு மனசு எளகாது கண்ணு, ரெண்டு பேரும் போயிருக்கோணும்" என்று, ரசத்தில் உப்புக் குறைவதைச் சொல்வதுபோலச் சொன்னார். உண்மையிலேயே செத்த அப்பாவைத் "தாய் தகப்பனை இழந்தேன்" என்பதற்குள் அடக்கிவிட்டு, அம்மாவின் கை என் கையிலிருந்து விரல் விரலாக நழுவியதை மட்டும் ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொடுத்தார், ஏனென்றால் அம்மா செத்தால்தான் சபையில் பெண்கள் அழுவார்களாம். "அழுகை வரோணும், ஆனா வார்த்தைய முழுங்கிப்போடக் கூடாது" என்று ஒத்திகை வேறு. கடலில் கால் நனைத்திராத மனிதர், அலை எப்படி வந்தது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்!

எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துத் தூற்றவும் மனம் வரவில்லை. சமையல் பார்த்த சாந்தக்கா எங்களுக்குப் பேன் பார்ப்பார், காய்ச்சல் வந்தால் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார். அந்த இல்லத்தில் மைக் இல்லாமல் ஜெபித்த ஒரே ஆள் அவர்தான். மே மாதத்தில் உறவினர் வந்து மற்றப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது, அனாதையாகிவிட்ட எனக்குப் போக ஊர் இல்லாததால், நான் சாந்தக்காவோடு வெங்காயம் உரித்துக்கொண்டு கிடந்தேன். அம்மா போன் பண்ணினால் பாஸ்டர், "படிப்பு கெட்டுப்போயிருமுங்க" என்று வைத்துவிடுவார். எனக்கு அம்மாவிடம் போக வேண்டும், அவ்வளவுதான் என் ஜெபம்.

மூன்றாம் வருடம் ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு, என் "ஸ்பான்சர்" தம்பதியர் வெளிநாட்டிலிருந்து வந்து முன்வரிசையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து, கருவாட்டுப் பொட்டலமும் கையுமாக அம்மா கேட்டில் வந்து நின்றாள். பாஸ்டருக்கு வேர்த்துவிட்டது. "ஏனுங்க அம்மணி, சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீங்களே" என்று அவளைச் சாந்தக்காவோடு கடைசியில் உட்காரவைத்துவிட்டு, என்னிடம் குனிந்தார். "இன்னிக்கு ஒரு நாள் நல்லாச் சொல்லிப்போடு கண்ணு. சாயங்காலமே உங்கம்மாவோட ஊட்டுக்கு அனுப்பிப்போடறேன்."

அம்மா செத்துவிட்டாள் என்று சொன்னால் அம்மாவோடு போகலாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இப்படியொரு பேரம். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை என்பதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதுவரை சொன்னதிலேயே அன்றுதான் பிரமாதமாகச் சொன்னேன். விரல் விரலாகக் கை நழுவிய இடத்தில் குரலை உடைத்தேன். ஸ்பான்சர் அம்மாள் விம்மியபடி எழுந்துவந்து என்னை அணைத்துக்கொண்டாள், இனிமேல் அவள்தான் எனக்கு அம்மா என்று ஒருவர் மொழிபெயர்த்தார், சபை கைதட்டியது. கடைசி வரிசையில் என் அம்மாவும் எல்லோரையும் பார்த்துக் கைதட்டினாள்.

விருந்தாளிகளின் கார் போகும்வரை விறகுக் கொட்டகையில் காத்திருந்து, பின்வாசல் வழியாக வெளியேறிப் பஸ் ஏறினோம். ஏன் தன்னைக் கொன்றாய் என்று அம்மா கேட்பாள் எனத் திருச்சிவரை நான் பயந்துகொண்டே வந்தேன். "நல்லாத்தான் சொன்ன புள்ள" என்றாள். "ஆனா செத்தது உங்கப்பா. அந்த மனுசனப் பத்தி ஒரு வார்த்த இல்லயே." ஜூன் மாதம் அவளே என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டாள். சோறும் படிப்பும் அங்கேதான் இருந்தன.

நான் இப்போது பெருந்துறையில் வேலை பார்க்கிறேன், அம்மா என்னோடு இருக்கிறாள். இல்லம் போன இடம் தெரியவில்லை. பணம் வருவது நின்றதும் பாஸ்டரின் ஊழியமும் நின்றுவிட்டது, அந்த இடத்தில் மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள், விற்பவரே அவர்தானாம். தொலையட்டும். போன மாதம் என் மகள், "தாத்தா எப்படிம்மா செத்துப் போனாரு?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால், அந்த ஆள் எழுதிக்கொடுத்த வாக்கியங்கள்தான் ஒரு சொல் பிசகாமல் வரிசையாக வந்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் தேடிப் பார்த்தேன், அப்பா இல்லை. "அம்மாச்சியக் கேளு" என்று அனுப்பிவிட்டேன். மீன் அரிந்துகொண்டிருந்த அம்மா அரிவாள்மனையை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்: "மாதா கோயில் மாடிப்படியில நான் நின்னேன். கழுத்தளவு தண்ணியில உங்கம்மாவத் தூக்கி என் கையில குடுத்தாரு. குடுத்துட்டு நிமிந்தாரு, அம்புட்டுத்தான்." கதவுக்கு இந்தப்புறம் நின்று, இருபது வருடம் கழித்து, நான் அதை முதல்முறையாகக் கேட்டேன்.