பெல்ட்டு செத்த கதை

தான் செத்துப்போன செய்தியை அந்த லிப்ட் மெக்கானிக் தன் வீட்டுச் சமையலறையில், கையில் தண்ணீர் டம்ளரோடு நின்றுகொண்டுதான் கேட்டார். சொன்னது வேறு யாரும் இல்லை, அவர் பெற்ற மகள்.

சாப்பாட்டு டப்பாவை மறந்து வேலைக்குக் கிளம்பிவிட்டு, பாதி வழியில் நினைவு வந்து திரும்பியிருந்தார். முன்னறையில் மகளுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் வீடியோ நேர்காணல் நடக்கிறது என்று தெரியும். அதனால் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகப் பூனை மாதிரி நுழைந்தார். மனிதருக்கு மெதுவாகப் பேசவே வராது. மெஷின் ரூமில் மோட்டார் சத்தத்தோடு போட்டி போட்டே தொண்டை அப்படி ஆகிவிட்டது. இவர் "உப்பு எடு" என்றால் பக்கத்து வீட்டில் உப்பு எடுப்பார்கள். அப்படிப்பட்டவர் அன்றைக்கு மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு தண்ணீர் மொண்டார். பள்ளியின் கடைசி வருஷத்தில் இருந்த மகளுக்கு முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் போகலாம், இல்லாவிட்டால் அந்தப் பேச்சே கிடையாது. மருத்துவமனையில் வேலை பார்க்கும் மனைவி ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போதே, "இன்னிக்கு ஒரு நாள் உங்க வாய்க்குப் பூட்டுப் போட்டுக்குங்க, புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

அப்போதுதான் மகளின் குரல் கேட்டது. என் அப்பா இறந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் அப்பா, செத்தார் என்ற இரண்டு வார்த்தைக்கு அரைகுறையே தாராளம். தூக்கிவாரிப் போட்டது. காதில் தப்பாக விழுந்திருக்கும் என்று கதவோரம் போய் நின்றார். அப்பா லிப்ட் மெக்கானிக், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஏழாவது மாடியிலிருந்து லிப்ட் குழிக்குள் விழுந்துவிட்டார், பாதுகாப்பு பெல்ட் போட மறந்துவிட்டார், அதனால்தான் நான் பொறியியல் படிக்க ஆசைப்படுகிறேன் என்று அவள் பாட்டுக்குத் தங்குதடையில்லாமல் சொல்லிக்கொண்டு போனாள்.

பெல்ட்! செத்ததைக்கூட மனிதர் பொறுத்துக்கொண்டிருப்பார். பெல்ட் போடாமல் செத்தார் என்றால்? வேலையிடத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'பெல்ட்டு'. மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டு, பெல்ட்டின் கொக்கியை மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் லிப்ட் கூரையில் கால் வைத்தவர் இல்லை. கூட வேலை செய்கிறவன் எவனாவது பெல்ட் இல்லாமல் கதவைத் திறந்தால், அன்றைக்கு எல்லாருக்கும் டீ அவன் செலவு. "கட்டில்லேர்ந்து விழுந்துடப் போறீங்க, பெல்ட்ட மாட்டிக்கிட்டுப் படுங்க" என்று மனைவி சீண்டாத ராத்திரி கிடையாது. அந்த மனிதரைப் போய்!

கோபம் தலைக்கேறுவதற்குள் அடுத்த அடி விழுந்தது. மேலே கதவோரத்தில் அப்பாவுடைய ஒரு ஷூ மட்டும் கிடந்தது என்றாள் மகள்.

அந்த ஷூ பெல்ட்டுவுடையது இல்லை. நெட்டையுடையது.

நெட்டை அவருடைய கூட்டாளி. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். ஏழாவது மாடியிலிருந்து விழுந்தது அவன்தான். ஆனால் அவன் பெல்ட் போட்டிருந்தான். நைந்துபோன பழைய பெல்ட், பாரம் தாங்காமல் வார் அறுந்துவிட்டது. கம்பெனியோ பெல்ட்டே போடவில்லை என்று சாதித்து, பழியைச் செத்தவன் தலையிலேயே போட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. பெல்ட்டு ஊதுகிற சங்கை ஊதிப் பார்த்தார். ஒருவர் காதிலும் ஏறவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம், பாவம், பெல்ட் போட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். அந்த ஒற்றை ஷூவைப் பற்றி மனைவியிடம் மட்டும் சொல்லி அழுதார். பக்கத்தில் கிடந்த குழந்தை தூங்குகிறது என்றுதான் நினைத்திருந்தார்.

டம்ளர் கையை விட்டு நழுவிக் கீழே விழுந்து உருண்டது.

முன்னறையில் பேச்சு நின்றது. யார் அங்கே என்று திரையில் இருந்த அம்மாள் கேட்பதும், மாமா என்று மகள் திக்குவதும் கேட்டன. மறு நொடி, கம்ப்யூட்டரின் மைக்கை அணைத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடி வந்தவள், பேயறைந்தவள் மாதிரி நின்றாள்.

"அப்பா! நீங்க எப்ப வந்தீங்க?"

"செத்தவன் வந்தா இப்படித்தான் சொல்லாமக் கொள்ளாம வருவான்."

"ஐயோ, மெதுவா! கோச்சிங் சார்தாம்பா சொன்னாரு. சோகம் இல்லாத விண்ணப்பக் கட்டுரையை அங்க ஒருத்தரும் முழுசாப் படிக்க மாட்டாங்களாம். நம்ம வீட்ல எனக்கு என்ன சோகம் இருக்கு, நீங்களே சொல்லுங்க?"

"அதுக்கு அப்பன கொல்லுவியா? பாவி மகளே, ஒரு காலையாவது ஒடிச்சுட்டு விட்டிருக்கக் கூடாதா!"

அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "இது போச்சுன்னா எல்லாம் போச்சுப்பா. உங்களை என் மாமான்னு சொல்லிட்டேன். அவங்க உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம். வந்து தலையை ஆட்டிட்டுப் போயிடுங்க, ப்ளீஸ்ப்பா."

என்ன செய்வார்? பெற்ற மனம் பித்து. சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் சாவுக்குத் துக்கம் கேட்டுக்கொள்ளப் போய் உட்கார்ந்தார்.

திரையில் நரைத்த தலையோடு ஒரு பேராசிரியை. பார்த்தாலே மரியாதை வரும் முகம். கையை நெஞ்சில் வைத்து வருத்தம் சொன்னார். பிறகு, அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று கேட்டார். மகள் அதைத் தமிழில் சொன்னாள்.

நல்லவர் என்று ஒரு சொல் சொல்லிக் கும்பிட்டிருந்தால் வேலை முடிந்தது. பெல்ட்டுவும் அப்படித்தான் வாயைத் திறந்தார். ஆனால் கண் முன்னால் வந்து நின்றது நெட்டை.

"ரொம்ப நல்லவன். வாய் ஓயாம சிரிப்பான்" என்றார். மகள் மொழிபெயர்த்தாள். "இன்னொண்ணும் சொல்லு. அவன் பெல்ட் போட்டிருந்தான்."

மகளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "அது வேணாம்... மாமா," என்று பல்லைக் கடித்தாள். "போடலைன்னு எழுதியிருக்கேன்."

"போட்டிருந்தாம்மா. இந்தக் கையாலதான் அவன் இடுப்புலேர்ந்து அவுத்தேன். வார் அறுந்து தொங்கிச்சு. வேற பெல்ட் குடுங்கன்னு நாங்க ரெண்டு பேரும் கேக்காத நாளில்ல. என்னைக் கொன்னுட்டுப் போ, பரவாயில்ல. அவனைக் கவனமில்லாதவன்னு சொல்லாத." அவர் குரல் தன் பழைய உயரத்துக்கு ஏறிவிட்டது. "இத்தனை வருஷத்துல அவன் எப்படிப்பட்டவன்னு யாராவது கேட்டாங்களா? இந்தம்மா கேக்குறாங்க. சொல்லு!"

"நெட்டை மாமா பெல்ட் போட்டிருந்தாரா?" மகள் அதிர்ந்துபோய் அவரையே பார்த்தாள். "எல்லாரும் போடலைன்னுதானேப்பா சொன்னாங்க..."

அப்பா என்று வாய் தவறி வந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. அவர் என்ன சொல்கிறார் என்று பேராசிரியை கேட்டார். மறுபடியும் கேட்டார்.

மகள் திரையின் பக்கம் திரும்பினாள். ஆங்கிலத்தில் வார்த்தை தெளிவாக வந்தது. இவர்தான் என் அப்பா. இறந்தது இவருடைய நண்பர். அவர் பெல்ட் போட்டிருந்தார்.

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

அப்பா என்ற சொல் காதில் விழுந்ததும் பெல்ட்டுவுக்கு உயிரே போய்விட்டது. நாற்காலி பின்னால் சாய எழுந்தார்.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்ட! சீட்டு போயிடுமே! நான்தான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்னு வந்து உக்காந்தேனே!"

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவர் அவளை விட்டுவிட்டுத் திரையின் முன்னால் குனிந்தார்.

"நோ மேடம்! பொய் சொல்றா! ஃபாதர் டெட்!" என்றார், தன் நெஞ்சிலேயே தட்டித் தட்டி. "டெட், மேடம், டெட்!"