தகவலாளிகள் என்னிடம் கேட்ட கேள்வி

முதல் நாளே என் ஆய்வின் தலைப்பு மாறிவிட்டது. ‘பெண்களை நேசிக்கும் பெண்கள்: அடையாளம், சமூகம், பொதுப்பார்வை’ என்று டைப் செய்து கொண்டுபோயிருந்தேன். என் கைடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர்.

“இதை கமிட்டியில வெச்சா என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்கம்மா. ‘தனித்து வாழும் பெண்களின் நட்பு வட்டம்’னு போடு. உள்ள நீ என்ன வேணா எழுதிக்கோ.”

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. செங்கல்பட்டில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தேன். வீட்டுக்காரம்மாவிடம் ‘பெண்கள் முன்னேற்றம் பற்றிப் படிக்கிறேன்’ என்று சொல்லிவைத்தேன். ஊரில் இருந்த என் அம்மாவுக்கும் அதே பதில்தான்.

சர்வே

பொதுப்பார்வை பற்றிய கேள்விகளோடு திருவிடந்தையிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடற்கரை ஊர்களில் அலைந்தேன். நேரடியாகக் கேட்க முடியாது. “கல்யாணம் பண்ணிக்காம ரெண்டு பொண்ணுங்க ஒரே வீட்ல இருந்தா என்ன நினைப்பீங்க?” என்று சுற்றி வளைப்பேன். திருவிடந்தையில் மீன் விற்ற ஓர் அம்மா, வெட்டுவதை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

“இன்னா நினைக்கிறது? வாடகை மிச்சம்னு கீறாளுங்க.”

மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறைக்காரர், “அதெல்லாம் சிட்டில மேடம். நம்ம பக்கம் கெடையாது” என்றார். பெரும்பாலானவர்கள் சொன்னது இதுதான். எழுதிக்கொள்வேன், நன்றி சொல்வேன், அடுத்த வீட்டுக்குப் போவேன். இந்தப் பக்கம் கிடையவே கிடையாது என்று அவர்கள் சொன்ன பெண்களில் ஒருத்திதான் எதிரே நின்று எழுதிக்கொண்டிருந்தாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இரண்டு பேர்

ஒரு பெண்கள் பத்திரிகையில் வந்த என் சிறு அறிவிப்பைப் பார்த்துப் பேட்டிக்கு வந்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் இருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

மேரி செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். டியூட்டி முடிந்ததும் கொளவாய் ஏரிப் பக்கம் வந்து பேசுவார். வசந்தா ஓர் அலுவலகத்தில் ஸ்டெனோ. மதுரைப் பக்கத்துக்காரர், அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கு வருவார். அவர் நேசித்த தோழி கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டார். அதன்பிறகு வசந்தா வீட்டில்கூட அதிகம் பேசுவதில்லை.

இருவரும் பேட்டி முடிவில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

“இந்தப் பக்கம் என்னை மாதிரி வேற யார்னா கீறாங்களா மேடம்?” என்றார் மேரி.

“இங்க நான் ஒருத்திதானா?” என்றார் வசந்தா.

இருவருக்கும் இடையே ஒரு பஸ் பயணம்தான். ஆனால் அவர்களைப் பற்றி எதையும் வெளியே சொல்வதில்லை என்று இருவருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். இருவரையும் சந்திக்கவைக்கலாமா என்று கைடிடம் கேட்டேன்.

“நீ ரிசர்ச் பண்ண வந்தியா, சிநேகம் சேத்துவைக்க வந்தியா? மூச்சு விடாத.”

அவர் சொன்னது சரிதான். விஷயம் வெளியே போனால் மேரிக்கு வேலை போகும், வசந்தாவுக்கு வீடு போகும். ஆனாலும் பெயரோ ஊரோ சொல்லாமல், ‘இன்னொருவரைச் சந்திக்க விருப்பமா?’ என்று தனித்தனியே கேட்டேன்.

“கூட்டிகினு வாங்க மேடம். டீ குடிச்சிகினு பேசுவோம். எனக்கு இன்னா பயம்?” என்றார் மேரி.

வசந்தா தலையை ஆட்டினார். “உங்களுக்குத் தெரிஞ்சதுக்கே எனக்குத் தூக்கம் போச்சு. இன்னொருத்தருக்கா? வேணாங்க.”

‘அவங்க இப்ப வேண்டாம்ங்கிறாங்க’ என்று மேரியிடம் சொன்னேன்.

“சரி மேடம். ஆனா ஒருத்தங்க கீறாங்க இல்ல?”

“இருக்காங்க.”

அதற்கே அவர் முகம் மலர்ந்தது.

சில மாதங்களில் மேரியின் வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். மேரி வளைகுடாவில் ஒரு மருத்துவமனை வேலையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். “இங்கயே இருந்தா கட்டி வெச்சிருவாங்க” என்பதுதான் கடைசியாகச் சொன்னது.

டேப்பை நிறுத்தியது

கோடை தொடங்கியபோது கோட்டையில் வசந்தா தானாகவே ஆரம்பித்தார்.

“அன்னைக்கு ஒருத்தங்கன்னு சொன்னீங்கள்ல? பாக்கலாம்.”

“அவங்க வெளிநாடு போயிட்டாங்க வசந்தா.”

“எப்ப?”

“பொங்கலுக்கு முன்னாடி.”

அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். “வேற யாருமே இல்லையா?”

நான் டேப் ரெக்கார்டரை நிறுத்தினேன். “நான் இருக்கேன்.”

வசந்தா என் பக்கம் திரும்பினார். “அப்ப இத்தனை நாளும் ஏன் கேள்வி மட்டும் கேட்டுட்டிருந்தீங்க?”

அன்றோடு அவர் என் தகவலாளி இல்லை என்று முடிவுசெய்து, அவரது பேட்டியை ஆய்விலிருந்து எடுத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு கேள்வித்தாளும் டேப்பும் இல்லாமல் போனேன். வசந்தாவும் வந்தார். கோட்டைச் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். பேச்சு அவ்வளவாக வரவில்லை. எங்கள் இருவருக்குமே அது பழக்கமில்லை. பிறகு சில ஞாயிறுகள் சந்தித்தோம். அண்ணனுக்கு மாற்றல் வந்ததும் அவரும் போய்விட்டார்.

வைவாவில் ஒரு தேர்வாளர் கேட்டார், “சமூகம்ங்கிற சாப்டர் மட்டும் ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு?”

“ஒருத்தரை ஒருத்தர் தெரியாதவங்களை எப்படி சார் சமூகம்னு எழுதுறது?” என்றேன். அவர் பக்கத்தைப் புரட்டினார். பட்டம் கிடைத்தது.

களத்துக்குப் போகும் இளையவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. தகவலாளி உங்களைக் கேட்கும் கேள்வியை ‘டேட்டா இல்லை’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். யாருமே இல்லாமல் இருப்பதுதான் தனிமை என்று நினைத்துக்கொண்டு அந்தக் கடற்கரைக்குப் போனேன். அடுத்த ஊரில் ஆள் இருந்தும் அது தெரியாமலே இருப்பதை அங்கேதான் பார்த்தேன்.