துண்டுக்குள் ஐந்து விரல்

ரங்கூன் மொகல் தெருவில் கெம்புக்கல் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தரகர் நீட்டிய கைமேல் ஒரு துண்டு விழும். உள்ளே வாங்குகிறவர் விரலைப் பிடித்து அழுத்துவார். ஒரு விரல் நூறு, ஐந்தும் சேர்ந்தால் ஐந்நூறு. அதே விலையைத் தரகர் விற்கிறவர் கையில் அழுத்திச் சொல்வார். அரபியும் சீனரும் நம் சோனக முஸ்லிம்களும் பாய்மரக் கப்பலில் வந்து, ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமலே பட்டும் மிளகும் மாற்றிக்கொண்ட காலத்துப் பழக்கம் என்பார்கள். உலக வாணிபத்தைப் பற்றிப் படித்தவர்கள் என்னென்னவோ எழுதட்டும். அது ஓடியதெல்லாம் விரலை நம்பித்தான்.

அந்தத் தெருவில் இருபத்திரண்டு வருஷம் தரகு பார்த்தவர் பர்கத்துல்லா. 1926 மழைக்காலத்தில் ஒருநாள், கொதிக்கும் தேநீர்ப் பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கி வைத்தார். மனைவி பல்கீஸ் பதறினாள்.

"விரலெல்லாம் செவந்து கெடக்கே, சுடலியா?"

சுடவில்லை. டாக்டர் முழங்கைத் தேமலை ஊசியால் குத்திப் பார்த்துக் குஷ்டம் என்றார். பத்து நாளில் மகள் பரீதாவுக்கு நிக்காஹ்.

"அது முடியறவரைக்கும் மூச்சு விடாதீங்க" என்று பல்கீஸ் காலைப் பிடித்தாள். வீட்டிலிருந்தால் கேள்வி வரும் என்று அவர் கடைவீதிக்குப் போனார். போயிருக்கக் கூடாது, அதை நான் நியாயம் என்று சொல்லமாட்டேன்.

மூன்றாம் நாள் டோ மியா என்ற பர்மியக் கைம்பெண் ஒரு கல் கொண்டுவந்தாள். வாங்க வந்தவர் காஜா மைதீன், பர்கத்துல்லாவுக்குக் கூடப்பிறக்காத தம்பி. அவர் ஐந்து விரலையும் அழுத்தினார். மற்ற விரல்களில் சூடு தெரியாவிட்டாலும் அழுத்தம் தெரிந்தது, சுண்டுவிரல் அடியோடு மரத்திருந்ததால் பர்கத்துல்லா நான்கு என்று எடுத்துக்கொண்டு, டோ மியாவின் கையில் நானூறை அழுத்தி முடித்துவிட்டார். வழக்கமாகப் பணம் தரகர் கைவழியாகப் போகும். அன்று அவசரத்தில் காஜா மைதீன் நேரே அவளிடமே கொடுத்தார். ஐந்நூறைக் கண்டு திகைத்தவள் நூறைத் திருப்பி நீட்டினாள்.

தெருவே திரும்பிப் பார்த்தது.

"என்ன காக்கா இது? நடுவுல நூறு எங்க போக இருந்துச்சு?" என்று கேட்டார், அவரை அண்ணனாக எண்ணிக் காக்கா என்றே கூப்பிடும் காஜா மைதீன்.

விரல் மரத்துப்போச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் மானம் பிழைக்கும். ஆனால் குஷ்டக்காரன் வீட்டில் எவன் பெண் எடுப்பான்? திருட்டுப் பட்டம் என்றால் தகப்பனோடு போகும்.

"எடுக்கத்தான் பாத்தேன், தம்பி" என்றார் பர்கத்துல்லா.

காஜா மைதீன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இருபத்திரண்டு வருஷ நாணயம் அன்றோடு சரி.

நிக்காஹ் நின்றுபோகவில்லை. பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துத்தான் ஒப்புக்கொடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து சம்பந்தி பீர் முகைதீன் சபையில் எழுந்தார்.

"திருட்டுக் கை என் மகன்மேல படவேணாம். காஜியாரே கையப் பிடிச்சு முடிச்சு வைக்கட்டும்."

பர்கத்துல்லா தலைகுனிந்து சம்மதித்தார். தன் கை அந்தப் பிள்ளைமேல் பட்டுவிடக் கூடாதே என்று பத்து நாளாக அவர் அல்லாவிடம் அழுது கேட்டதும் அதைத்தான்.