இருபத்தைந்தாவது துண்டு

ஆய்வுகூட உதவியாளன் வேலை என்றால் கழுவுவது, எண்ணுவது, வாயை மூடிக்கொண்டிருப்பது. கூட வேலை செய்பவனின் கையைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் மட்டும் மேலே வாசியுங்கள். மற்றவர்களுக்கு விளங்காது.

கத்தரிக்கோல்

அறுபதுகளின் கடைசி. திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் பக்கம் எங்கள் கல்லூரி. விஞ்ஞான மாஸ்டர் லண்டனில் படித்து வந்தபோது நியூட்டுகளின் நிறமூர்த்த, அதாவது குரோமோசோம், படங்கள் கொண்டுவந்தார். நியூட் தவளையின் சொந்தக்காரப் பிராணி, வாலுள்ளது. நம் நாட்டில் இல்லை. படத்தில் கறுப்புப் புழுக்கள் போலக் கிடக்கும் இருபத்துநான்கு நிறமூர்த்தங்களையும் வெட்டி, ஒத்த அளவானவற்றைச் சோடி சேர்த்து அட்டையில் ஒட்டவேண்டும். திறமாக ஒட்டுபவனுக்குக் கொழும்பு ஆய்வுகூடமொன்றில் வேலை.

பத்து வருசம் பரிசோதனைக் குழாய் கழுவிய எனக்குத்தான் என்று இருந்தேன். என்னோடு வேலை செய்த ரசூல் வந்து ஆறு மாதம். அதற்கு முன் கிண்ணியாவில் தையற்காரன். அவன் வெட்டினால் வெள்ளை ஓரம் மிஞ்சாது. என்னுடையதைத் தூக்கி, மிஞ்சின ஓரத்தைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணன், சுத்திவரத் தையலுக்கு விட்டிருக்கிறியள்."

அளவு

மூன்று நியூட்டுகளின் படத்தையும் அவற்றின் நிறமூர்த்தப் படத்தையும் காட்டி, எந்த இரண்டு கிட்டிய சொந்தம் என்று மாஸ்டர் கேட்டார். செம்மஞ்சள் வயிறுள்ள இரண்டையும் காட்டினேன். ரசூல் வயிற்றைப் பார்க்கவில்லை. நிறமூர்த்தங்களின் நீளத்தையும், இடுப்புப் போல ஒடுங்கின இடத்தையும் நூல் பிடித்து அளந்தான். நான் காட்டியதில் ஒன்றைத் தள்ளிவைத்தான். மாஸ்டர் ஓம் என்றார். எனக்குப் பற்றியெரிந்தது. அவன் சொன்னது இது: "உடுப்பு ஒரே நிறம் எண்டாச் சொந்தமாகிடுமா சேர், அளவெல்லோ பார்க்க வேணும்."

பசை

அட்டை கொடுக்கவேண்டிய கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ரசூல் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டான். அவன் அட்டையில் இருபத்துநான்கும் பசை காயாமல் கிடந்தன. ஆகச் சின்னதைக் கிள்ளி எடுத்தேன். மாஸ்டரின் சப்பாத்துச் சத்தம். துண்டை உள்ளங்கையில் மறைத்து, அந்தக் கையாலேயே என் அட்டையைத் தூக்கி நீட்டினேன். மாஸ்டர் இரண்டு தரம் எண்ணினார். ரசூலுக்கு இருபத்துமூன்று. எனக்கு இருபத்தைந்து: ஈரப் பசையோடு அந்தத் துண்டு என் அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்த ரசூல் என் அட்டையை ஒருமுறைதான் பார்த்தான். அந்தத் துண்டை நகத்தால் கிளப்பித் தன்னுடையதில் வைத்து அமத்தினான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "இது என்ர வெட்டு அண்ணன், இதில தையலுக்கு விடேல்ல."

கொழும்புக்கு அவன் போனான். நியூட்டுக்கு நிறமூர்த்தம் இருபத்துநான்கு என்று இன்றைக்கும் பிழையில்லாமல் சொல்லக்கூடிய ஒரே குழாய் கழுவி இந்தத் திருகோணமலையில் நான்தான்.