பீலிக்கு மேலே ஒரு மாணிக்கக் குழி

மண்ணைத் தோண்ட மெஷின் போதும். தோண்டலாமா என்று கேட்கத்தான் ஆள் தேவைப்படுகிறது. வீடு வீடாகப் போய்க் கதவு தட்டிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால் என் பாடு புரியும். இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கூச்ச சுபாவம். மாணிக்கக்கல் தோண்ட வந்த ஒரு கம்பெனி, "உங்க சனங்ககிட்டப் பேசி சம்மதம் வாங்குங்க" என்று என்னைப் பிடித்துப் போட்டது.

பகல் சம்மதம்

முதல் நாள் பகலில் போனேன். தொழிலாளர் லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. இவ்வளவு சுலபமா என்று திரும்பினேன். வழியில் கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் செல்லம்மா. குழி வெட்டக் குறித்த இடம், ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் பீலிக்கு மேலே. எல்லா லயத்துக்கும் குடிதண்ணீர் வருவது அந்த ஒரு பீலியில்தான். விஷயத்தைக் கேட்டதும் செல்லம்மா கூடையை இறக்கி வைத்தார்.

"ஆம்பளைங்க சரின்னாங்களா? தண்ணி தூக்குறது யாருங்க, கணக்கப்புள்ள ஐயா?"

அறுபது பார்சல்

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் கூட்டம். கொழும்பிலிருந்து வந்த இளம் இன்ஜினியர் அறுபது சோற்றுப் பார்சல் கொண்டுவந்தார். எண்ணி இறக்கியது நான்தான். பேச்சுக்கு முன்பே எல்லாருக்கும் கொடுத்தோம். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள், யாரும் பிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் அறுபதும் மேசைக்குத் திரும்பின. "கறி சரியில்லையா?" என்று இன்ஜினியர் என் காதில் கேட்டார். செல்லம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

"சம்பந்தம் பேசி முடிக்காம யாராச்சும் கை நனைப்பாங்களா, தம்பி?"

பாசி

மறுநாள் இன்ஜினியர் தானாகவே, "அந்த பீலியக் காட்டுங்க" என்றார். செல்லம்மா முன்னால் நடந்தார். சப்பாத்துப் போட்டு வந்த இன்ஜினியர் பாசியில் வழுக்கி, ஊற்றுக்குள் இடுப்பளவு உட்கார்ந்துவிட்டார். குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் எனக்கே வெட்கமாகிவிட்டது. அவரோ எழுந்திருக்காமல், தண்ணீர் வரும் பக்கத்தையும் குழிக்கு அடித்த முளையையும் மாறி மாறிப் பார்த்தார். செல்லம்மா கை நீட்டினார்.

"பரவால்ல தம்பி, இப்பத்தான் எங்க தண்ணியில கைய வச்சிருக்கீங்க!"

இரண்டாவது கூட்டம்

அடுத்த கூட்டத்தில் இன்ஜினியர் கோயில் வாசலில் நின்று சொன்னார்: குழி பீலிக்குக் கீழேதான், ஒன்றை மூடாமல் அடுத்தது வெட்டுவதில்லை, தண்ணீர் குறைந்தால் அன்றே வேலை நிற்கும். பெண்கள் கூடிக் குசுகுசுவென்று பேசினார்கள். செல்லம்மா எழுந்து, "சரி, சம்மதம்" என்றார். இன்ஜினியர் கண் கலங்கிக் கும்பிட்டார். பட்டது போதும் என்று அன்றைக்கு ஒரு பார்சல்கூட நாங்கள் கொண்டுபோகவில்லை. செல்லம்மா வெறும் மேசையைப் பார்த்தார்.

"அதான் பேசி முடிச்சாச்சே. சோறு எங்க, தம்பி?"

கடைத்தெருவில் இருந்த, மீன் அடைத்த பணிஸ் ரொட்டியை எல்லாம் எண்ணி வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க மேடேறியபோதுதான் தெரிந்தது, சம்மதம் எப்போது வரும் என்று கணக்குப் போட முடியாது, ஆனால் வரும்போது பசியோடுதான் வரும்.