அப்பாவின்ரை பேரைச் சொல்லக் கூடாது

மழைநீர்த் தொட்டி கட்டுற திட்டங்களிலை வேலை செய்யிற ஆக்களுக்குத் தெரியும்: தொட்டி கட்டுறது சுகம், கட்டுறது நான்தான் எண்டு கூட்டத்திலை எழும்பி இங்கிலீசிலை சொல்லுறதுதான் வில்லங்கம். நான் புங்குடுதீவு மடத்துவெளி. ஊர்காவற்றுறையிலை இருக்கிற ஒரு சின்னக் கந்தோரிலை, தீவுப்பகுதிக்குப் பொறுப்பான உத்தியோகத்தராத் தற்காலிகமாச் சேர்ந்தனான். "வெளிநாட்டிலை இருந்து உதவி செய்யிற ஆக்கள் வருவினம். அவைக்கு முன்னாலை நீரே உம்மை அறிமுகப்படுத்தி, வேலையை விளங்கப்படுத்த வேணும். ஏலாதெண்டால் கொழும்பிலை இருந்து வேறை ஆளைப் போடுவினம்" எண்டு சேர்ந்த அண்டைக்கே சொல்லிப்போட்டினம். உங்களிலையும் எத்தினை பேர் இப்பிடிப் பயந்துபோய் இருந்திருப்பியளோ, ஆர் கண்டது!

முதல் கூட்டம்

எங்கடை பக்கத்திலை ஆரும் தன்ரை பேரைச் சொல்லி அறிமுகம் செய்யிறேல்லை. "ஆற்றை பிள்ளை?" எண்டு கேட்பினம். தகப்பன்ரை பேர், குறிச்சி, பக்கத்துக் கோயில், இவ்வளவும் சொன்னால் காணும். மிச்சத்தை அவையே கண்டுபிடிச்சிடுவினம். தன்ரை பேரைத் தானே முன்னுக்குத் தள்ளுறவளை வாய்க்காரி எண்டுதான் சொல்லுவினம்.

அந்தப் பழக்கத்தோடைதான் ஸூம் கூட்டத்திலை வாயைத் திறந்தனான். சைக்கிள் கடை நல்லதம்பியின்ரை ரெண்டாவது மகள், அம்மன் கோயிலுக்கு மேற்காலை வீடு, அண்ணை பிரான்ஸிலை... எல்லாம் பிழையில்லாத இங்கிலீசு! என்ரை பேர் மட்டும் வரேல்லை. கொழும்பு மனேஜர் மிஸ் பொறுமையாக் கேட்டு முடிச்சுப்போட்டு இங்கிலீசிலை கேட்டா: "மிகவும் சந்தோஷம். உங்கள் அப்பா இந்தத் திட்டத்தில் என்ன பதவியில் இருக்கிறார்?"

தொட்டிக்குள்ளை

எங்கடை கந்தோர்க் கணக்காளர் ஜெசிந்தா அக்கா. தமையன்மார் எல்லாரும் கடலுக்குப் போறவை. அலைச்சத்தத்துக்கு மேலாலை கத்திக் கதைச்சுப் பழகின குரல் அவவுக்கு. "இனி அப்பாவின்ரை பேரை வாயிலை எடுக்கப்படாது. உன்ரை பேர், உன்ரை ஊர், உன்ரை வேலை. நெஞ்சை நிமித்திச் சொல்லு" எண்டு கட்டளை போட்டா.

எங்கை பழகிறது? வீட்டிலை சொன்னால் சிரிப்பினம். ஊரிலை சின்னராசா மாமா வீட்டிலை எங்கடை திட்டத்துப் புதுத் தொட்டி பூச்சு முடிஞ்சு காய்ஞ்சு கிடந்தது. வெடிப்பு இருக்கோ எண்டு பாக்க ஏணி வைச்சு உள்ளுக்கு இறங்கினனான். ஒருக்காச் செருமினன், சத்தம் கும்மெண்டு திரும்பி வந்துது. அட, என்ரை குரலுக்கு இவ்வளவு கம்பீரமோ! நிண்ட நிலையிலை பேர், ஊர், வேலை எல்லாம் இங்கிலீசிலை முழுசாச் சொன்னன், திருப்பியும் சொன்னன். நிமிர்ந்து பார்த்தால் மேலை மாமாவின்ரை தலை. "பிள்ளை, இதுக்குள்ளை தண்ணி வருமெண்டுதான் நான் கையெழுத்து வைச்சனான். இங்கிலீசு வருமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

பஸ்ஸுக்குள்ளை

ஒருநாள் ஸூம் கூட்டம் தொடங்கேக்கை நான் பஸ்ஸிலை, கடலுக்குக் குறுக்காலை போற தாம்போதி றோட்டுக்கு நடுவிலை. ரெண்டு பக்கமும் கடல், யன்னலாலை காத்து. போனைக் காதோடை அமத்திப் பிடிச்சு, தொட்டிக்குள்ளை நிண்ட நினைப்பிலை, தீவுப்பகுதித் தண்ணி வேலைக்கு நான்தான் பொறுப்பெண்டு முழங்கினன். போனை வைச்சால் பஸ் முழுக்க என்னைத்தான் பாக்குது. வெக்கம் பிடுங்கித் தின்னுது. கொண்டக்டர் அண்ணை கிட்ட வந்து மரியாதையாச் சொன்னார்: "தங்கச்சி, தண்ணிக்குப் பொறுப்பெண்டு சொன்னீங்கள். எங்கடை ஒழுங்கையிலை இருக்கிற தண்ணிக் குழாய் காத்துத்தான் விடுது, அதையும் ஒருக்காப் பாருங்கோ."

பெரிய கூட்டம்

கடைசியா அந்த நாளும் வந்துது. யாழ்ப்பாணத்திலை ஏசி போட்ட மண்டபம். வெளிநாட்டு ஆக்களுக்குள்ளை, கனடாவிலை இருந்து வந்த தலை நரைச்ச ஐயா ஒருத்தர் காலமை தொட்டு இங்கிலீசைத் தவிர ஒண்டும் கதைக்கேல்லை. இந்த வேலை போனால் அப்பாவின்ரை கடையிலை சைக்கிள் ரியூப் ஒட்டுறதுதான் மிச்சம். கண்ணை ஒருக்கா மூடித் தொட்டியை நினைச்சன். பேர், ஊர், வேலை எல்லாம் சொன்னன். வெடிச்ச தொட்டியளை எப்பிடித் திருத்தினதெண்டு கேட்டதுக்கும் மறுமொழி சொன்னன். அப்பாவைப் பற்றி மூச்சு விடேல்லை. மனேஜர் மிஸ் கை தட்டினா. பின்வரிசையிலை ஜெசிந்தா அக்கா கண்ணைத் துடைச்சா. எனக்கெண்டால் அவ்வளவு புளுகமும் சந்தோசமும்.

தேத்தண்ணி நேரம் அந்தக் கனடா ஐயா கோப்பையோடை நேரை என்னட்டை வந்தார். அங்கினை இங்கினை பார்த்துப்போட்டு மெல்லமாத் தமிழிலை கேட்டார், "பிள்ளை, மடத்துவெளியிலை நீர் ஆற்றை மகள்?" இவ்வளவு நாளும் அடக்கி வைச்சதெல்லாம் ஒரே மூச்சிலை வந்துது: அப்பா, கடை, கோயில், அண்ணை. ஐயாவின்ரை முகம் மலர்ந்துபோச்சு. "அட, சைக்கிள் கடை நல்லதம்பியற்றை மகளோ! இவ்வளவு நேரமும் இங்கிலீசிலை விளாசினீர், நீர் ஆரெண்டு மட்டும் சொல்லேல்லையே!"

நிரந்தர நியமனம் என்ரை பேருக்குத்தான் வந்தது. ஆனால் கனடாவிலை இருந்து அந்த ஐயா எடுக்கிற போன் எல்லாம் அப்பாவுக்குத்தான்.