சந்தனம் அண்ணை நிறுத்திய கார்

தொலைபேசியில் பேசியது சந்தனம் அண்ணையின் மகள் வாணி. "மிஸ், அப்பா போயிட்டாரு" என்றாள். "எங்கை?" என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் அழுகை கேட்ட பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்பது எனக்கு உறைத்தது.

அன்று காலையில்தான் அவர் என்னோடு பேசியிருந்தார். நான் எழுதிய புது நோட்டீசில் ஓர் எழுத்துப் பிழை, திருத்த வேண்டும் என்றார். பிற்பகல் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அதன்பின் கட்டுகஸ்தோட்டையில் உள்ள, பழைய கார்கள் விற்கும் தன் யாட்டில் ஒரு கலியாண வீட்டுக்காரருக்குக் கார் காட்டிக்கொண்டு நின்றவர், கதவைத் திறந்து பிடித்தபடியே சரிந்துவிட்டாராம். கீழே விழுந்த எதையோ குனிந்து எடுக்கிறார் என்றுதான் வந்த மனிதர் நினைத்தாராம்.

செத்த வீட்டுக்குப் போய் வந்தேன். கதிரையில் இருந்தேன், எழுந்தேன், திரும்பவும் இருந்தேன். பேசாமல் கிடக்கும் சந்தனம் அண்ணையை எனக்குத் தெரியாது. அவரை அறிந்த உங்களுக்கும் தெரிந்திருக்காது. இதை எழுதும்போதும், "மிஸ், நோட்டீஸ் என்னாச்சு?" என்று அவர் வாசலில் வந்து நிற்பார் என்றே மனம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அவரை நான் முதலில் கண்டது கண்டியில் நான் வேலை செய்த அச்சகத்தில். நாட்டின் இறக்குமதிக் கதவு திறந்து ஜப்பான் கார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம் அது. கார் விற்கிற எல்லாரும் புதியதைத் தேடிப் போக, இவர் மட்டும் பின்னுக்குப் போனார். வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன, இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் செய்த கார்களைத் தேயிலைத் தோட்டத்துக் கராஜ்களிலும் மாட்டுக் கொட்டகைகளிலும் தேடிப் பிடித்தார். பித்தளை விளக்கு, கித்தான் கூரை, மரச் சட்டம் போட்ட சில்லு. முன்னால் கம்பியைச் சுழற்றினால்தான் இயந்திரம் உயிர் பெறும். முதற்கட்டமாக மூன்று கார்களைச் சீராக்கி ஓடவைத்திருந்தார். கலியாண வீடுகளுக்கும் உல்லாசப் பயணிகளின் ஹோட்டல்களுக்கும் அவற்றை விற்கலாம், வாடகைக்கும் விடலாம் என்பது அவர் கணக்கு. அதற்கு நோட்டீஸ் எழுத ஆள் தேவைப்பட்டது. நான் எழுதிக் கொடுத்தேன்.

'துரைமார் போன காரில் இனி உங்கள் மாப்பிள்ளை!'

வாசித்துவிட்டு அவர் அச்சகமே அதிரச் சிரித்தார். "எங்கப்பா தோட்டத்துல தொர கார் வந்தா ரோட்ட விட்டு எறங்கி, கொடைய மடக்கிக்கிட்டு நிப்பாரு மிஸ். அந்தக் காரை அவரு மகன் விக்கிறான். போடுங்க, பெரிய எழுத்துல போடுங்க!" என்றார்.

விற்பது அவருக்கு வேலையாகத் தெரிந்ததில்லை. அது ஒரு விளையாட்டு. மடவளையிலிருந்து ஒரு முதலாளி மகளின் கலியாணத்துக்காக வந்து, காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது ஓடுமா, இல்லாட்டி சும்மா பாக்கத்தானா?" என்றார். "ஏறுங்க முதலாளி. ஓடலன்னா நான் தள்ளுறேன்" என்றார் அண்ணை. சொன்னபடியே கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு நடுவில் கார் நின்றுவிட்டது. இவர் இறங்கிச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தள்ளத் தொடங்கினார். பின்னால் நின்ற பஸ்காரர்கள் ஹார்ன் அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் முதலாளியும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் தள்ளுகிறார். இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கலியாணத்துக்கு அந்தக் கார்தான் வாடகைக்குப் போய் வந்தது.

மூன்றிலும் அழகானது பச்சை நிறத் திறந்த கார். அதன் ஹார்ன் பாம்பு வடிவில் இருக்கும். பித்தளை உடல் மட்கார்ட்டின் மேல் வளைந்து நெளிந்து வந்து, முன்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். கண்டி வாவிக்கரையில் ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்த ஒரு சிங்கள முதலாளி, மூன்று கார்களையும் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அதில் அவருக்கு முக்கியமானது இந்தப் பாம்புக் கார். அண்ணை தன் வீட்டை ஈடு வைத்துத்தான் எல்லாவற்றையும் செய்திருந்தார். ஹோட்டல்காரர் எடுத்தால் வீடு மீளும்.

கையளிப்பதற்கு முன், ஊர் பார்க்கட்டும் என்று மூன்று கார்களையும் ஊர்வலமாக விட்டார். ஒலிபெருக்கி என் கையில். மடவளை முடிந்து திகன கடைத்தெருவுக்கு வந்தபோது நல்ல கூட்டம். பச்சைக் காரில் இருந்துகொண்டு, "துரைமார் போன காரில்..." என்று நான் வாசிக்க, அண்ணை ஹார்னை அமுக்கினார்.

தெருவோரம் காய்கறிக் கூடையோடு நின்ற ஒரு வயதான அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். மயக்கம் என்று நினைத்து இறங்கி ஓடினோம். அண்ணை தண்ணீர் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. ஹார்னின் திறந்த வாயையே பார்த்தார்.

"இதுதான்" என்றார். "எங்கண்ணன அடிச்சது இதுதான்."

அவர் பெயர் செவனம்மா. தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். எந்தத் தோட்டம் என்று அண்ணை கேட்டார். அவர் சொன்ன பெயரைக் கேட்டதும் அண்ணையின் கை தானாகக் கீழே இறங்கியது. அந்தக் காரை அவர் வாங்கியதே அந்தத் தோட்டத்தில்தான்.

செவனம்மா சிறுமியாக இருந்தபோது நடந்தது. அண்ணன்காரர் தோட்டத்துத் தபால் பையைச் சுமப்பவர். மலைப்பாதை வளைவில் துரையின் கார் அவரை அடித்துத் தள்ளிவிட்டு, நிற்காமல் போயிருக்கிறது.

"அங்கனயே கெடந்தாரு. சாயந்தரமா ஆள் அனுப்பிச்சாங்க. பைய எடுத்துக்கிட்டுப் போறதுக்கு. பைய மட்டும். வழுக்கி விழுந்து செத்தான்னு எழுதிட்டாங்க" என்றார் செவனம்மா. அழவில்லை. அதை எத்தனையோ தடவை தனக்குள்ளே சொல்லிப் பழகியவர் போலச் சொன்னார்.

ஒலிபெருக்கியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. சந்தனம் அண்ணை அந்த அம்மாவுக்கு முன்னால் தெருப் புழுதியில் குந்தினார். விற்கும்போது இருக்கும் அந்தக் குரல் அவரிடம் இல்லை.

"ஆத்தா, இத நான் என்ன செய்யட்டும்? ஒடைக்கச் சொன்னீங்கன்னா இப்பவே ஒடைச்சிர்றேன்."

செவனம்மா அவரைப் பார்த்தார். "ஒடைச்சா வந்துருவாரா?" என்றார். பிறகு, "என்னய அதுல ஏத்திக்கிட்டு அந்த எடத்துக்குக் கொண்டு போறியா?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். அண்ணை ஓட்டினார். பின் இருக்கையில் செவனம்மாவும் நானும். வெளுத்த சேலை கட்டி வந்திருந்தார். தோட்டப் பாதையில் ஏறியதும் தொழிலாளர் லயத்துச் சனம் வெளியே வந்து பார்த்தது. செவனம்மா யாரையும் பார்க்கவில்லை. முன் இருக்கையின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். இந்தத் தோல் இருக்கையில் எவன் இருந்துகொண்டு போனான் என்பதை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"இங்கனதான்" என்றார் ஒரு வளைவில்.

அண்ணை நிறுத்தினார். இயந்திரத்தையும் நிறுத்தினார். இறங்கி வந்து கதவைத் திறந்தார். ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் தேயிலைச் சரிவு. அங்கே எதுவும் இல்லை. ஒரு கல்கூட இல்லை.

"அண்ணன் பேரு என்ன ஆத்தா?"

"மருதை."

அந்தப் பெயரை அண்ணை ஒருதரம் திருப்பிச் சொன்னார். பிறகு கைகூப்பிக்கொண்டு நின்றார். செவனம்மா சரிவைப் பார்க்கவில்லை, காரைத்தான் பார்த்தார்.

"அன்னைக்கி நிக்கல" என்றார். "இன்னைக்கி நின்னுச்சு."

திரும்பி வரும்போது அவர் ஏற மறுத்துவிட்டார். காரை வளைவிலேயே விட்டுவிட்டு, நாங்கள் மூவரும் திகன பஸ் வரும் சந்தி வரைக்கும் நடந்தோம். பிரியும்போது செவனம்மா, "வித்துப்புடு தம்பி, ஓம் புள்ளைங்க சாப்புடட்டும். ஆனா வாங்குறவன்கிட்ட எங்கண்ணனையும் சொல்லிப்புடு" என்றார்.

மறுநாள் அண்ணை ஹோட்டல் முதலாளியிடம் போனார். நானும் கூடப் போனேன். சிங்களத்தில் ஒன்று விடாமல் சொன்னார். முதலாளி மோசமான மனிதர் அல்லர். கேட்டு அவர் முகமும் வாடியது. பிறகு, ஹார்னைக் கழற்றிவிட்டு வேறு நிறம் பூசலாம், இந்தக் கதை நம் மூவரோடும் இருக்கட்டும், சந்தோசம் தேடி வரும் வெள்ளைக்காரர்களுக்கு இதை ஏன் சொல்ல வேண்டும் என்றார். அண்ணை சரி சொல்லவில்லை. மருதையின் பெயரைக் காரின் பக்கத்தில் ஒரு சிறு பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்றார். முதலாளி தலையாட்டி மறுத்தார். மற்ற இரண்டு கார்களையும் மட்டும் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டார்.

அதன்பின் அந்தப் பச்சைக் காரைக் கேட்டு எத்தனையோ பேர் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் முதலில் வளைவைச் சொன்னார், பிறகுதான் விலையைச் சொன்னார். கலியாணத்துக்கு ஆகாது என்று போனார்கள். வீட்டில் நிறுத்தப் பயம் என்று போனார்கள். யாட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் அது இன்றும் நிற்கிறது.

அன்று ஹோட்டல் முதலாளியிடமிருந்து வெளியே வந்ததும் நான் கேட்டேன்: "அண்ணை, நாங்கள் ஒரு பொய்யும் எழுதேல்லையே. பிறகென்ன?"

"பொய் எழுதல மிஸ்" என்றார். "பாதிய எழுதுனோம். வாங்குறவங்களுக்குப் புடிச்ச பாதிய."

இந்த அஞ்சலியை எழுத உட்கார்ந்தபோது எனக்கு வந்த திடுக்கம் இதுதான்: இதுவரை எழுதியதும் ஒரு பாதி. மற்றதையும் சொல்ல வேண்டும். அவருடைய வீடு போனது. அதை ஈடு வைக்கும்போதும், ஹோட்டல்காரரிடமிருந்து எழுந்து வரும்போதும் அவர் மனைவி சரோஜா அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா வாடகை அறைகளில் இருந்து, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். அண்ணை அதைப் பற்றி ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியாது. ஊரெல்லாம் பேசத் தெரிந்தவருக்கு அங்கே மட்டும் வாய் வரவில்லை.

செத்த வீட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் இல்லை. என்னைப் போலவே அவரும் இன்னும் நம்பவில்லை.

"நீங்க ஏதோ எழுதப் போறீங்களாமே மிஸ். அவர நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். அந்தக் கார மன்னிக்கல. அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன், அக்கா. பிடித்த பாதியோடு நிறுத்திக்கொள்ளக் கூசுகிற இந்த மனம், அவரிடமிருந்து எனக்கு வந்தது. அவர் இல்லை என்பதை இன்னும் ஏற்க முடியாத இந்த நாளில், அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.